ஊர் பார்ப்பது உங்கள் குனிந்த முதுகை

கேள்வி:

எனக்கு 19 வயது. காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு கிராமம். பாலிடெக்னிக்கில் ஈ.சி.இ. இரண்டாம் வருடம் படிக்கிறேன். மூன்று வருடமாக பிஜிஎம்ஐ ஆடுகிறேன், பப்ஜி என்ற மொபைல் துப்பாக்கி ஆட்டத்தின் இந்திய வடிவம். பொழுதுபோக்குக்கு இல்லை, போட்டிக்கு. நாங்கள் நான்கு பேர் ஓர் அணி. ஒருவன் ஓசூர், ஒருவன் மதுரை, ஒருவன் திருநெல்வேலி. நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. அணிக்கு நான்தான் ஐஜிஎல், அதாவது ஆட்டத்துக்குள் அணியை வழிநடத்துகிறவன். போன வருடம் ஒரு திறந்த தகுதிச்சுற்றில் இரண்டாம் கட்டம் வரை போனோம். வீட்டில் சொன்னேன். அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “போனை நோண்டுறதுக்கு ஒரு பேரு வேறயா” என்றார். ஊரில் எனக்குப் பெயர் ‘பப்ஜி பையன்’. சொந்தக்காரர் கல்யாணத்தில் மாமா ஒருவர் மைக்கைப் பிடித்து, “மாப்பிள்ளை துப்பாக்கிக் கடை வைக்கப் போறான்” என்றதும் மண்டபமே சிரித்தது. அப்பா மாந்தோப்பு குத்தகைக்கு எடுப்பவர். எருது விடும் விழாவுக்கென்று ஒரு காளையும் வளர்க்கிறார். அதற்கு ஆகும் செலவை யாரும் கேட்பதில்லை. என்னைத் திட்டாத ஒரே ஆள் அம்மா. இந்தப் போன்கூட அம்மா மகளிர் குழுவில் கறவை மாட்டுக் கடன் என்று 26,000 எடுத்து வாங்கித் தந்தது, அப்பாவுக்குத் தெரியாது. இரவு 10 மணியிலிருந்து 2 மணி வரை ஸ்க்ரிம்ஸ், அதாவது மற்ற அணிகளோடு பயிற்சி ஆட்டம் இருக்கும். கைச்செலவுக்கு நடுவில் பெய்டு ரூமும் ஆடுவேன். காலேஜுக்கு அடிக்கடி லீவு. படிப்பை நிறுத்திவிட்டு ஒரு வருடம் முழுமூச்சாக ஆடினால் மேலே வந்துவிடுவேன். எல்லோரும் என்னை சீரியஸாக எடுத்துக்கொள்ள என்ன செய்வது? நீ இதுக்கு அடிமையாயிட்டியா என்று அம்மாவும் சில நேரம் கேட்கிறார். இன்னொன்று, கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் இரவில் மரத்துப்போகின்றன. அது பெரிய விஷயமா?

(பெயர் வேண்டாம், கிருஷ்ணகிரி மாவட்டம்)

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கல்யாண வீட்டு மைக்தான் மனதில் நின்றது. மண்டபமே சிரிக்கும்போது 19 வயதுப் பையனுக்குக் காது எப்படிச் சூடாகும் என்று எனக்குத் தெரியும். இரண்டாம் தடவை அப்பாவின் காளை கண்ணில் பட்டது. மூன்றாம் தடவை, ‘அப்பாவுக்குத் தெரியாது’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டு நீங்கள் தாண்டிய இடத்தில் நின்றுவிட்டேன். மூன்றையும் பேசுவோம்.

அதற்கு முன் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. பதினாறு வருடமாக இந்த மாவட்டத்தில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். ஆரம்பத்தில், போனே கதி என்று கிடக்கும் பிள்ளைகளின் பெற்றோரிடம் ‘பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்’ என்று சொன்ன ஆள்தான் நானும். ஓர் அம்மா அப்படியே செய்தார். பையன் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை, நான்காம் நாள் பீரோவை உடைத்தான். ஐந்தாம் நாள் இரண்டு பேரும் என் எதிரில் உட்கார்ந்து, இப்போது என்ன செய்வது என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. அதற்கப்புறம்தான் பிள்ளைகளிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன். ஒருமுறை நானே ஆடியும் பார்த்தேன். பாராசூட்டில் இறங்கி, ஒரு வீட்டுக்குள் நுழைந்து, கதவைச் சாத்த எந்த பட்டன் என்று தேடிக்கொண்டிருக்கும்போதே செத்துப்போனேன். சொல்லிக்கொடுத்த எட்டாம் வகுப்புப் பையன் மரியாதைக்குக்கூடச் சிரிப்பை அடக்கவில்லை.

சரி. நீங்கள் ஆடுவது விளையாட்டுதானா? ஆமாம். 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இ-ஸ்போர்ட்ஸ் என்ற வீடியோ கேம் போட்டி வெறும் காட்சிப் போட்டியாக இருந்தது. குஜராத்தின் புஜ் நகரத்துப் பையன் தீர்த் மேத்தா, ஹார்ட்ஸ்டோன் என்ற ஆட்டத்தில் அங்கே வெண்கலம் வாங்கினார். காட்சிப் போட்டி என்பதால் நாட்டின் பதக்கக் கணக்கில் அது ஏறவில்லை. உங்களுக்கு வந்த அதே வருத்தம் அவருக்கும் இருந்திருக்கும். ஐந்து வருடம் கழித்து 2023-ல் ஹாங்சோவில் அது முறையான போட்டியாகவே ஆகி, ஏழு தங்கப் பதக்கங்கள் அதற்கு ஒதுக்கப்பட்டன. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற ஆட்டத்தில் தங்கம் வென்ற தென்கொரிய வீரர்களுக்குக் கட்டாய ராணுவ சேவையிலிருந்தே விலக்கு கிடைத்தது. இங்கே 2022 டிசம்பரில் இ-ஸ்போர்ட்ஸ் மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் கீழ் வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கொண்டுவந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடை செய்த கையோடு, இ-ஸ்போர்ட்ஸை முறையான போட்டி விளையாட்டாக ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி அப்பா முன்னால் வாசித்துக் காட்டலாம். ஒரு பயனும் இருக்காது. நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டால் அப்பாவும் ஒப்புக்கொள்வார் என்றால் நம் வீடுகளில் பாதிச் சண்டை என்றைக்கோ தீர்ந்திருக்கும்.

பக்கத்து சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜனை எடுத்துக்கொள்ளுங்கள். டென்னிஸ் பந்தில் ஆடி வந்தவர், 2020 கடைசியில் வலைப்பயிற்சிக்குப் பந்து போடும் ஆளாக ஆஸ்திரேலியா போய், அந்த ஒரே பயணத்தில் மூன்று வகைக் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்கு ஆடிவிட்டுத் திரும்பினார். கிரிக்கெட்டில் ஒரு வசதி உண்டு. வெட்டவெளியில் ஆடுவது. ஆடு மேய்க்கிறவரும் ஒரு நிமிடம் நின்று, ஸ்டம்பு எகிறுவதைப் பார்த்துவிட்டுப் போவார். யார் நன்றாகப் போடுகிறான் என்று ஊருக்குத் தானாகத் தெரிந்துவிடும்.

உங்கள் ஆட்டத்தில் ஊர் எதைப் பார்க்கிறது? எட்டு கிலோமீட்டருக்கு எட்டு கிலோமீட்டர் தீவில், உயிரோடு இருக்க உள்ளே நின்றாக வேண்டிய வட்டம் எந்தப் பக்கம் சுருங்கும் என்று முன்கூட்டியே கணித்து, மூன்று ஊர்ப் பையன்களை ஒரே வார்த்தையில் நகர்த்தி, பின்னால் வரும் வண்டியின் சத்தத்தை வைத்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று எடை போட்டு, அரை விநாடியில் ஒரு முடிவு எடுக்கிறீர்கள். அது உங்கள் கண்ணுக்கும் ஆறு அங்குலக் கண்ணாடிக்கும் நடுவிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. வெளியே இருந்து பார்க்கிறவருக்குத் தெரிவது, நள்ளிரவில் மொட்டைமாடியில் கழுத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, ‘லெஃப்ட்ல வர்றான், லெஃப்ட்ல வர்றான்’ என்று தனியாகக் கத்தும் ஒரு பையன். ஊர் பார்ப்பது உங்கள் குனிந்த முதுகை. அதைப் பார்த்து மரியாதை வரவில்லை என்று ஊரை மட்டும் கோபித்துக்கொள்வது கொஞ்சம் அநியாயம்.

இப்போது காளைக்கு வருகிறேன். ‘அதற்கு ஆகும் செலவை யாரும் கேட்பதில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள், கேட்டிருப்பார். ஆனால் நீங்கள் இதை அப்பாவுக்கு எதிரான வாதமாக வைத்திருக்கிறீர்களே, அதுதான் எனக்கு ஆச்சரியம். வருடம் முழுவதும் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் போட்டு, நீச்சல் விட்டு, நடக்க வைத்து, பெற்ற பிள்ளை மாதிரிப் பார்த்து, தை மாசியில் அந்தக் காளை ஓடுவது சில விநாடி. குறித்த தூரத்தைக் குறைந்த நேரத்தில் கடந்த மாட்டுக்குப் பரிசு. ஒரு விநாடியின் சின்னத் துண்டில் பரிசு போய்விடும். நுழைவுக் கட்டணம் கட்டி, வண்டி வைத்து மாட்டை ஏற்றிப்போய், ஒன்றும் கிடைக்காமல் இருட்டில் திரும்பி வந்த நாட்கள் அவருக்கு எத்தனையோ இருக்கும். அடுத்த ஊரில் விழா என்றால் மறுபடியும் கிளம்பியிருப்பார்.

இந்த மனிதரிடம் போய் போட்டி என்றால் என்ன, பயிற்சி என்றால் என்ன என்று நீங்கள் பாடம் எடுக்க வேண்டுமா? உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு போட்டியாளர் இருக்கிறார். அவருடைய போட்டியைப் பற்றி நீங்கள் கடைசியாக எப்போது ஒரு கேள்வி கேட்டீர்கள்? அடுத்த விழாவுக்குக் கூடவே போய்க் கயிறு பிடியுங்கள். தந்திரமாகச் சொல்லவில்லை, ‘அப்பா குளிர்ந்திருக்கும்போது விஷயத்தை எடு’ என்ற கணக்கெல்லாம் வேண்டாம். உண்மையாகவே தெரிந்துகொள்ளப் போங்கள். எந்த மாட்டை எந்த வயதில் ஓட விடலாம், எப்போது நிறுத்த வேண்டும், கால் பிசகினால் எத்தனை நாள் ஓய்வு என்று அவருக்குத் தெரிந்திருக்கும். உங்களுக்கு ஒரு பயிற்சியாளர் இருந்தால் அவர் சொல்லக்கூடியதும் ஏறக்குறைய இதுதான்.

அதற்குப் பிறகு ஒருநாள் அவரை உட்கார வைத்து ஒரே ஒரு ஆட்டத்தைக் காட்டுங்கள். உங்களுடையது வேண்டாம். 2024 ஜூனில் ஹைதராபாத்தில் நடந்த பிஜிஐஎஸ் என்ற பிஜிஎம்ஐ போட்டித் தொடரின் இறுதிச்சுற்றை, யூடியூபில் இருக்கிறது, வீட்டு டிவியில் போடுங்கள். போனில் காட்டாதீர்கள், அவர் கண்ணில் போன்தானே குற்றவாளி. மேடையில் 16 அணி, எதிரில் கூட்டம், மொத்தப் பரிசு 2 கோடி ரூபாய். ஒரு ஆட்டம் அரை மணி நேரம் போல ஓடும். நடுவில் அவர் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனால் விட்டுவிடுங்கள். அவர் உட்கார்ந்திருக்கும் பத்து நிமிடத்தில் வட்டம் சுருங்குவதை மட்டும் விளக்குங்கள். எப்போது உள்ளே போவது, எப்போது காத்திருப்பது என்பதுதான் ஆட்டம் என்று சொன்னால் அவருக்குப் புரியாமல் போகாது. பெங்களூரா காயை இன்றைக்கே பறித்துக் கூழ் ஆலைக்கு அனுப்புவதா, நான்கு நாள் பொறுப்பதா என்று ஒவ்வொரு சீசனும் முடிவெடுக்கிறவர் அவர்.

இனி அவருடைய பயம். தமிழ்நாட்டில் ‘ஆன்லைன் விளையாட்டு’ என்ற சொல் வீடுகளுக்குள் எப்படி நுழைந்தது? ரம்மியில் பணத்தைத் தொலைத்துவிட்டு உயிரை விட்டவர்களின் செய்தியாகத்தான் நுழைந்தது. அதற்காகவே இங்கே ஒரு தனிச் சட்டம் கொண்டுவந்து, இழுபறிக்குப் பிறகு 2023 ஏப்ரலில் அது அமலுக்கு வந்தது. உங்கள் அப்பாவுக்கு ரம்மிக்கும் பிஜிஎம்ஐக்கும் வித்தியாசம் தெரியாது என்று நீங்கள் கோபப்படலாம். பாரதக் கூத்தில் தருமர் நாட்டையும் தம்பிகளையும் வைத்து இழக்கும் இரவை வருடா வருடம் விடிய விடியப் பார்த்து வளர்ந்த மனிதருக்கு, மகன் நடுராத்திரியில் ஏதோ ஒரு ஆட்டத்தில் உட்கார்ந்திருந்தால் வேறு என்ன தோன்றும்?

அதிலும் நீங்கள் பெய்டு ரூம் ஆடுகிறீர்கள்! வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: டெலிகிராமிலோ வாட்ஸ்அப்பிலோ யாரோ ஒருவர் குழு நடத்துவார், ஆளுக்கு ஐம்பதோ நூறோ அனுப்பினால் ரூம் ஐடியும் பாஸ்வேர்டும் வரும், ஒரு கில்லுக்கு இவ்வளவு என்று பணம் தருவார். தராமலும் போவார். புதிய சட்டப்படி இ-ஸ்போர்ட்ஸ் போட்டியில் கலந்துகொள்ள நுழைவுக் கட்டணம் இருக்கலாம், ஆடிய ஆட்டத்துக்குப் பரிசும் இருக்கலாம், பந்தயம் மட்டும் இருக்கக் கூடாது. பெயர் தெரியாத ஒருவரின் ஜிபே எண்ணுக்கு அனுப்பும் ஐம்பது ரூபாய் இதில் எந்தப் பக்கம் விழும் என்று வக்கீல்கள் வாதாடிக்கொள்ளட்டும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ரம்மி வேறு என் ஆட்டம் வேறு என்று அப்பாவிடம் முகம் பார்த்துச் சொல்ல வேண்டுமென்றால், அந்த ரூமை இன்றைக்கே விட வேண்டும். அங்கே வரும் சில்லறையைவிட அந்த ஒரு வாக்கியம் உங்களுக்கு அதிகம் தேவை.

இப்போது அந்த 26,000.

கறவை மாட்டுக் கடன் என்று எழுதிக்கொடுத்து வாங்கிய பணம். வீட்டில் புது மாடு இல்லை. குழுவில் இருக்கும் மற்ற பெண்களுக்கு அது தெரியாமல் இருக்குமா? பால் சங்கத்தில் எத்தனை லிட்டர் ஊற்றுகிறார் என்று ஊருக்கே தெரியும்போது? தவணை நாள் வரும்போதெல்லாம் அம்மா அந்தப் பணத்தை எங்கிருந்து எடுக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாததை வைத்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். பால் காசில் பிடித்துவைப்பார், அல்லது கூலி வேலைக்கு ஒரு நாள் கூடுதலாகப் போவார், அல்லது தங்கையிடம் கைமாற்று. அப்பா ஒருநாள் ‘மாடு எங்கே’ என்று கேட்டால் தலைகுனிந்து நிற்கப்போவது நீங்கள் இல்லை, அவர்.

என்னை யாரும் சீரியஸாக எடுத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் எடுத்துக்கொண்டார், தம்பி. ஐஜிஎல் என்றால் என்ன என்று தெரியாமலேயே, தன் பெயரில் கடன் வாங்கி, கட்டிய கணவரிடம் மறைத்து, உங்கள் கையில் போனைக் கொடுத்தார். அவரிடம் நீங்கள் எவ்வளவு சீரியஸாக நடந்துகொள்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் மற்றவர்கள் உங்களை எடை போடுவார்கள், அவர்களுக்கு இந்தக் கடன் தெரியாவிட்டாலும். ஒரு விஷயத்தை மறைத்து வைத்துக்கொண்டு பேசும் பிள்ளையின் குரல் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ‘எனக்குத் திறமை இருக்கிறது’ என்று நீங்கள் கத்தும்போது கொஞ்சம் அதிகமாகவே கத்துவது அதனால்தானோ என்னவோ.

அதனால் முதல் வேலை இதுதான். அம்மாவிடம் பேசி, அவர் சம்மதத்தோடு, இரண்டு பேருமாக அப்பாவிடம் சொல்லுங்கள். அம்மாவை முன்னால் தள்ளிவிட்டு நீங்கள் பின்னால் நிற்கக் கூடாது. ‘கேட்டது நான், அடைக்கப்போவதும் நான்’ என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். திட்டு விழும். இரண்டு மூன்று நாள் வீட்டில் பேச்சு இருக்காது. அப்பா கை நீட்டக்கூடியவர் என்றால், அல்லது அம்மாவின் மேல் கோபம் திரும்பும் என்று பயம் இருந்தால், தனியாகச் சொல்லாதீர்கள். தாய்மாமனையோ அப்பா மதிக்கும் ஒரு பெரியவரையோ உடன் வைத்துக்கொள்ளுங்கள். மைக் பிடித்த மாமா வேண்டாம்.

எப்படி அடைப்பது? மாங்காய் சீசனில் கூழ் ஆலைகளிலும் மண்டிகளிலும் ஆள் தேவைப்படாத நாள் உண்டா? மே முதல் ஜூலை வரை வார விடுமுறையில் போனாலே ஒரு நல்ல பகுதி அடைந்துவிடும். ஐஜிஎல் கூடை தூக்குவதா என்று தோன்றினால், உங்கள் அப்பா தோப்புக்காரராக இருந்தும் இன்னும் கூடை தூக்குகிறவர்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

படிப்பை நிறுத்தும் யோசனைக்கு வருகிறேன். கூடாது என்றுதான் சொல்வேன். படிப்பு புனிதம் என்பதால் சொல்லவில்லை, உங்கள் ஆட்டத்தின் தன்மை அப்படி. கிரிக்கெட்டுக்கு முதலாளி கிடையாது. ஒரு மட்டையும் பந்தும் இருந்தால் எந்தப் பொட்டலிலும் ஆடலாம். உங்கள் மைதானம் ஒரு கம்பெனியின் சர்வரில் இருக்கிறது, சாவி அவர்களிடமும் அரசாங்கத்திடமும் இருக்கிறது. 2020 செப்டம்பர் 2-ம் தேதி பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்டது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ வந்தது. 2022 ஜூலையில் அதையும் ஸ்டோர்களிலிருந்து எடுத்தார்கள். 2023 மே மாதம்தான் திரும்பி வந்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் என்ற இன்னொரு துப்பாக்கி ஆட்டத்துக்கும் அதே கதி. பிஜிஎம்ஐ இல்லாத அந்தப் பத்து மாத இடைவெளியில் என்னிடம் வந்த பையன்கள் சிலரை நினைத்துக்கொள்கிறேன். ராத்திரி படுக்கும்போது வீரராக இருந்தவன் காலையில் எழுந்தபோது வெறும் பையன். படிப்பையும் விட்டவனுக்குத்தான் அடி பலமாக விழுந்தது.

அப்புறம் எண்ணிக்கை. அந்த ஹைதராபாத் மேடையில் 16 அணி, அணிக்கு நான்கு பேர், ஆக 64 நாற்காலி. பதிவு செய்பவர்களோ ஆயிரக்கணக்கான அணிகள். இரண்டாம் கட்டம் வரை வந்ததை நான் குறைத்துச் சொல்லவில்லை, அது உண்மையான தகுதி. ஆனால் இரண்டாம் கட்டத்துக்கும் அந்த நாற்காலிக்கும் உள்ள தூரத்தை ஒரு வருடத்தில் ‘முழுமூச்சாக’ என்ற ஒரு சொல்லை வைத்துக் கடந்துவிட முடியாது. முழுமூச்சு என்று நீங்கள் எழுதியதில் நேரம் மட்டும்தான் இருக்கிறது. இப்போதே தினமும் நான்கு மணி நேரம் ஆடுகிறீர்கள். தோற்ற ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பார்ப்பதற்கு அதில் எவ்வளவு நேரம்? என்னிடம் வரும் பையன்களிடம் நான் எப்போதும் கேட்கும் கேள்வி இது. தோற்றதும் உடனே அடுத்த ஆட்டத்தை அழுத்துகிறவன் ஆடிக்கொண்டிருக்கிறான். எங்கே தோற்றோம் என்று நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டு அழுத்துகிறவன் பயிற்சி செய்கிறான்.

அடிமையா என்ற அம்மாவின் கேள்விக்கும் இது பாதிப் பதில். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் விளையாட்டு சார்ந்த கோளாறு என்று ஒன்று இருக்கிறது, 2022 ஜனவரியிலிருந்து நடைமுறைக்கு வந்தது. அதில் மணிக்கணக்கு அளவுகோல் இல்லை. நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும் ஆட்டம் பின்னுக்குத் தள்ளுவது, கெடுதல் நடப்பது கண்ணுக்குத் தெரிந்தும் தொடர்வது, இப்படிப் பொதுவாகப் பன்னிரண்டு மாதமாவது நீடித்து வாழ்க்கையை முடக்கினால்தான் அந்தப் பெயர். கடிதத்தை வைத்து அப்படிச் சொல்ல நான் தயாராக இல்லை. ஆனால் கல்லூரி லீவு, தூக்கம், விரல் மரப்பு என்று நீங்களே எழுதியிருப்பவை மூன்றாவது குறிக்குப் பக்கத்தில் நிற்கின்றன. ஒரு வாரம் ஸ்க்ரிம்ஸை நிறுத்தித் தூங்கிப் பாருங்கள். முடியாமல் போனால் தயங்காமல் 14416-க்குப் போன் செய்யுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். நேரில் பார்க்க வேண்டுமென்றால் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே 2014 முதல் ஒரு தனிப் பிரிவு இருக்கிறது, நமக்கு இரண்டு மணி நேரப் பஸ் தூரம். இ-ஸ்போர்ட்ஸின் தாய்வீடான தென்கொரியாவே 2011-ல் பதினாறு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள் நள்ளிரவிலிருந்து காலை ஆறு வரை ஆன்லைனில் ஆடக் கூடாது என்று சட்டம் போட்டு, பத்து வருடம் போல வைத்திருந்து, பிறகுதான் எடுத்தது. அங்கேயும் அம்மாக்கள் உண்டு.

கடன் விஷயம் பேசி, வீடு கொஞ்சம் ஆறிய பிறகு, அப்பாவிடம் கேளுங்கள். என்ன கேட்பது என்பதை அவர் தொழிலிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் மாமரத்தைப் பூவில் பார்த்துக் குத்தகை பேசுகிறவர். காய் இன்னும் பிடிக்கவில்லை, மழை வரலாம், காற்றில் உதிரலாம், விலை விழலாம். அவ்வளவும் தெரிந்துதான் பணம் கொடுக்கிறார். ஆனால் தோப்பு எத்தனை மரம், எந்த மாதம் வரை, தண்ணீர் யார் பொறுப்பு, காவல் யார் பொறுப்பு என்று பேசாமல் ஒரு ரூபாய் கொடுக்க மாட்டார். நீங்களும் ஒரு வருடக் குத்தகை கேளுங்கள். அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நோட்டில் எழுதுங்கள்: ஸ்க்ரிம்ஸ் இரவு எட்டரையிலிருந்து பதினொன்றரை வரை, அணியில் மற்றவர்களுக்கும் பேசிச் சம்மதம் வாங்குவது உங்கள் வேலை, ஐஜிஎல் என்றால் அதுவும்தான். கல்லூரி ஒரு நாளும் தவறாது. அரியர் விழுந்தால் அது தீரும்வரை வாரத்தில் இரண்டு நாள்தான் ஆட்டம். பெய்டு ரூம் கிடையாது. குழுத் தவணையில் இவ்வளவு என் பங்கு. வருடத்தில் இத்தனை முறையான போட்டி, அவற்றில் குறைந்தபட்சம் இந்த இடம். அந்த இடம் எது என்பதை நீங்களே நேர்மையாகப் போடுங்கள், அப்பாவுக்கு அந்தக் கணக்கு தெரியாது என்பதால் சுலபமாக ஒன்றைப் போட்டுவிடாதீர்கள். பரிசு வந்தால் வரி பிடித்தது போக நான்காகப் பிரியும் என்பதையும் இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள், பின்னால் ‘மீதி எங்கே’ என்ற கேள்வி வராது.

வருடம் முடிந்ததும் நோட்டைத் திறந்து பாருங்கள். காய்த்திருந்தால் குத்தகையைப் புதுப்பிக்கலாம். காய்க்காவிட்டால் அப்பா மாதிரியே ஒரு பீடி நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டு எழுந்து வாருங்கள். கையில் டிப்ளமோ இருக்கும். ஈ.சி.இ. படித்து, போட்டி எப்படி நடக்கிறது என்று உள்ளிருந்து பார்த்தவனுக்கு நேரலை ஒளிபரப்பு, சர்வர், போட்டி நடத்துவது என்று அதே உலகத்திலேயே வேலைகள் உண்டு. அதைப் பற்றி இப்போது நீங்கள் யோசிக்க வேண்டாம்.

அப்பா குத்தகைக்கு ஒப்புக்கொள்ளாமலும் போகலாம். அப்போதும் அந்த நோட்டை நீங்கள் கடைப்பிடிக்க முடியுமா என்று பாருங்கள். மூன்று மாதம் கழித்து அவர் உங்களுக்குத் தெரியாமல் அதைப் புரட்டுவார் என்று பந்தயம் கட்டுவேன், பந்தயம் கூடாது என்று இப்போதுதான் சொன்னேன் என்றாலும்.

மைக் பிடித்த மாமாவுக்கு நான் ஒன்றும் சொல்வதாக இல்லை. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அவருக்கு ஒரு ஆள் தேவை, இந்த முறை நீங்கள். அடுத்த கல்யாணத்தில் வேறு யாராவது.

கடைசியாக விரல்கள். நான் மனநல ஆலோசகர்தான், எலும்பு டாக்டர் இல்லை. ஆனால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்து அதுவும் இரவில் மரத்துப்போவது, மணிக்கட்டில் ஒரு நரம்பு அழுந்துவதன் அடையாளமாக இருக்கலாம். தைலம் தடவித் தள்ளிப்போடாதீர்கள். முற்றினால் பிடிமானம் குறையும், அப்புறம் ஆட்டமும் இல்லை, கூடை தூக்குவதும் இல்லை. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்புப் பிரிவு வெளிநோயாளி சீட்டு வாங்கிக் காட்டுங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஆடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்பார். நான்கு மணி நேரத்தை ஒரு மணி நேரம் என்று சொல்லாதீர்கள்.